ஒரே மைக்

இருநூறு வருஷத்து வெள்ளைக்கார இசைநாடகம்.
கடைசிக் காட்சியில் ராணி கத்திக்குத்துப் பட்டு
பதினோரு நிமிஷம் பாடிவிட்டுத்தான் சாவாள்.
"குத்துப்பட்டவளுக்கு எங்கேர்ந்துண்ணா இவ்ளோ மூச்சு?"
தேசராணி கேட்டாளாம், ஒத்திகையின் முதல் நாள்.
இயக்குநர் ஜெயசீலன் சிரிக்கவில்லை.
நோட்டில் எழுதிக்கொண்டான்.

அரண்மனை, காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி ஆனது.
தளபதி, லாஞ்சு ஓனர்.
தோழிகள், இறால் உரிக்கிற ஷெட்டில் எட்டுப் பேர்.
படம் முழுக்க நம்ம கறுப்பு.
ஒரு முகம்கூட விமானத்தில் வந்து இறங்கவில்லை.

எனக்கு இதெல்லாம் பிறகு சொன்னது.
என்னிடம் படம் வந்தது
சாலிகிராமத்து இருட்டறைக்கு, ஹார்ட் டிஸ்க்காக,
துணிக்கடைக் கவரில் சுற்றி.
பதினேழு வருஷமாய்க் கலர் பார்க்கிறவன் நான்.
எத்தனையோ கதாநாயகிகளை
கழுத்தோடு சேர்த்து வெளுத்திருக்கிறேன்.
அடியாட்களை இன்னும் கொஞ்சம் கருக்கியிருக்கிறேன்.
இரண்டுக்கும் கூலி ஒன்றுதான்.

தயாரிப்பாளர் பின்னால் சோபாவில்.
"முகத்த லைட்டா தூக்குங்க சார்."
தூக்கினேன்.
தேசராணி சாம்பல் பூத்தாள்.
"இன்னும் லைட்டா."
டைபாய்டில் கிடந்து எழுந்தவள் மாதிரி ஆனாள்.
அவருக்கே பிடிக்கவில்லை. டீ குடிக்கப் போனார்.

அந்தப் பத்து நிமிஷத்தில்
எல்லாக் குமிழையும் பூஜ்யத்துக்குத் திருப்பினேன்.
கறுப்பு என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
இத்தனை நாள் எப்படித்தான் ஒப்பேற்றினோமோ.
ஐஸ் பாளத்தின் பக்கத்தில் அவள் கன்னத்தெலும்பு நீலம்.
சோடியம் விளக்கடியில் முழங்கை செம்பு.
கழுத்துக் குழியில் இருந்ததற்குப் பெயர் தெரியவில்லை,
அதில் கை வைக்கவேயில்லை.
திரும்பி வந்தவர் நின்றபடியே பார்த்தார்.
"யார் சார் இது, நம்ம பொண்ணா?"

முகத்தோடு தப்பித்தோம் என்றிருந்தேன்.
அடுத்த வாரம் புது டிராக் வந்தது.
ஓபரா என்றால் ஒரு கிளாஸ் வேண்டுமாம்,
பாந்த்ராவில் ஒருத்தியைப் பாட வைத்திருந்தார்கள்.
பிசிறில்லாத குரல். குறை சொன்னால் நாக்கு அழுகும்.
தேசராணி வாய் திறக்கத் திறக்க
ஏசியில் வளர்ந்த யாரோ வெளியே வந்து நின்றாள்.
ழகரத்தில் மட்டும் கால் இடறியது.

பார்க்க வந்திருந்தாள், அண்ணன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு.
பாதிப் பாட்டில் மெதுவாய்க் கேட்டாள்,
"அண்ணா, என்னுது எங்க வச்சிருக்காங்க?"
எதைக் கேட்கிறாள் என்று புரிய
ஒரு நிமிஷம் ஆனது எனக்கு.
"டிஸ்க்ல இருக்கும்மா."
"அழிக்கலல்ல?"
பிள்ளை திரையைக் காட்டி அத்தை என்றது.

கடைசி ரீலில் ஜெயசீலன் நாடகத்தை மீறியிருந்தான்.
செத்தவ தானே பாடிக்க மாட்டாண்ணா,
தெருதான் பாடும், டோலக் வச்சு, விடிய விடிய:
அவள் சொன்னதை அப்படியே எடுத்திருந்தான்.
ராணி ஐஸுக்கு நடுவே வாய்மூடிக் கிடக்க
புளியந்தோப்பிலிருந்து முப்பத்திரண்டு பேர், ஒரே மைக்.
பிண ஷாட் முடிந்து
கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியபோது
எழுந்துபோய் ஓரமாய் உட்கார்ந்தவளுக்கு
சும்மா இருக்க முடியவில்லை போல.

சவுண்ட் பெர்னார்டு மூன்று ராத்திரி முயன்றான்.
"எல்லாத் தொண்டையும் ஒன்னுக்குள்ள ஒன்னு கசிஞ்சிருக்கு தலைவா.
அவளை எடுத்தா தெருவே போயிடும்."

ஹெட்போனைப் போட்டுக் கேட்கிறேன்.
டோலக் ஒரு அடி தவறுகிற இடத்துக்குப் பின்னால்,
கொஞ்சம் கரகரப்பாய்,
நாடகத்தில் இருந்தபடியே
தன் சாவைத் தானே பாடிக்கொண்டிருக்கிறாள்.
பாந்த்ராவின் பெயர் டைட்டிலில் இரண்டாவதாக வரும்.
நான் உருகுகிற ஐஸை மட்டும்
ஒரு படி இருட்டாக்கிவிட்டு
அறையைப் பூட்டினேன்.